'கவர் ஃப்ளோ'வைத் தூக்கிய ஐட்யூன்ஸ்: அப்டேட்டே வேண்டாம் என்று பழைய 10.7-லேயே நின்றவர்களுக்கு என்ன ஆனது?

'புதிய அப்டேட் வந்துள்ளது' என்று திரையில் வந்தால் யோசிக்காமல் அழுத்திவிடுவதுதான் பலரின் வழக்கம். மறுநாள் காலையில் ஆப்பைத் திறந்தால், தினமும் கை போகும் இடத்தில் இருந்த பட்டனைக் காணோம். தேடிப் பார்த்தால் அது இடம் மாறவில்லை, மொத்தமாகவே தூக்கிவிட்டார்கள் என்று தெரியவரும்.

பாட்டு கேட்கும் மென்பொருளில் இப்படி நடந்தபோது, ஒரு கூட்டமே 'உங்க புதுசு உங்களோடயே இருக்கட்டும்' என்று பழைய பதிப்புக்குத் திரும்பிப் போனது. அதில் அதிகம் பேசப்பட்ட கதை ஆப்பிளின் ஐட்யூன்ஸ் 10.7. அவர்கள் ஏன் போனார்கள், எப்படிப் போனார்கள், எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடிந்தது?

ஐட்யூன்ஸ் என்றால் என்ன?

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் காலத்தில் பாட்டு கேட்கத் தொடங்கியவர்களுக்கு இது கொஞ்சம் அந்நியமாக இருக்கலாம். அப்போது பாட்டு என்பது கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஒரு ஃபைல். சிடியில் இருந்து காப்பி செய்தது, காசு கொடுத்து வாங்கியது, நண்பர் பென் டிரைவில் கொடுத்தது என எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அந்தக் குவியலை அடுக்கி வைக்கும் அலமாரிதான் ஐட்யூன்ஸ்.

'சவுண்ட்ஜாம் எம்பி' என்ற மென்பொருளை 2000-ஆம் ஆண்டில் ஆப்பிள் வாங்கியது. அதை மாற்றி அமைத்து, 2001 ஜனவரியில் ஐட்யூன்ஸ் என்ற பெயரில் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகம் செய்தார். ஐபாட் வந்தது அதே ஆண்டு அக்டோபரில். 2003-ல் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் ஐட்யூன்ஸ் வந்தது. ஐபாடில் பாட்டு ஏற்ற வேண்டுமா, ஐபோனை பேக்கப் எடுக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இதுதான் வாசல். இந்தக் கதையில் பின்னால் வரும் சிக்கலுக்கெல்லாம் மூலகாரணமும் இதுதான்.

2012-ல் என்ன நடந்தது?

2012 செப்டம்பர் 12-ஆம் தேதி ஐபோன் 5 அறிமுகமான நாளில், ஐட்யூன்ஸின் முகத்தையே மாற்றப் போவதாக ஆப்பிள் அறிவித்தது. அக்டோபரில் வரும் என்றார்கள், வரவில்லை. நவம்பர் 29-ஆம் தேதிதான் ஐட்யூன்ஸ் 11 வெளியானது. இடைப்பட்ட காலத்துக்காக, அந்த செப்டம்பர் நாளிலேயே சத்தமில்லாமல் வந்த பதிப்புதான் 10.7.

புதியது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆல்பம் அட்டையைத் தட்டினால் அந்த அட்டையின் நிறத்திலேயே பாட்டுப் பட்டியல் விரியும். அடுத்து என்ன பாட்டு என்று வரிசை போட 'அப் நெக்ஸ்ட்' வந்தது. ஆனால் இடது பக்கம் எப்போதும் இருந்த பட்டியல் பட்டை மறைந்திருந்தது. அது பெரிய பிரச்னை இல்லை, மெனுவில் போய் மீண்டும் கொண்டுவந்துவிடலாம். எங்கே தேடியும் கிடைக்காதவைதான் பிரச்னை.

முதலில் 'கவர் ஃப்ளோ'. ஆல்பம் அட்டைகள் கறுப்புப் பின்னணியில் வரிசையாக நிற்கும். மவுஸை உருட்டினால் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து நகரும். சுருக்கமாகச் சொன்னால், கடையில் நின்று இசைத்தட்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற அனுபவம். இது ஆப்பிளின் சொந்த யோசனையும் இல்லை. ஆண்ட்ரூ கோல்டர் என்ரைட் என்ற கலைஞரின் எண்ணம் அது. ஜோனதன் டெல் ஸ்ட்ராதர் என்ற புரோகிராமர் அதை மென்பொருளாக எழுதினார். 2006-ல் ஆப்பிள் அதை வாங்கி ஐட்யூன்ஸ் 7-ல் சேர்த்தது. அடுத்த ஆண்டே ஐபோன், ஐபாட் என எல்லாவற்றிலும் வந்துவிட்டது. ஐபோனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அட்டைகள் ஓடும் காட்சியை அந்தக் கால விளம்பரம் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, 'ஐட்யூன்ஸ் டிஜே'. 2004-ல் 'பார்ட்டி ஷஃபிள்' என்ற பெயரில் வந்து, 2009-ல் பெயர் மாறியது. மென்பொருளே பாட்டுகளைக் கலந்து போட்டுக்கொண்டே இருக்கும். அடுத்து வரப்போகும் பாட்டுகளும் முன்கூட்டியே தெரியும், வேண்டாததைத் தூக்கலாம், வேண்டியதை மேலே ஏற்றலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் தங்கள் ஐபோனில் இருந்தே பாட்டு கேட்கலாம், ஓட்டுகூட போடலாம். எந்தப் பாட்டுக்கு ஓட்டு அதிகமோ அது முதலில் ஓடும். இன்று பல ஆப்களில் 'சேர்ந்து கேட்போம்' என்று புதுமையாகச் சொல்லப்படுவதை அன்றே செய்த வசதி அது. 'அப் நெக்ஸ்ட்' அதற்கு மாற்று என்றார்கள். பயன்படுத்தியவர்களுக்கு அது பாதிக்கிணறுதான்.

மூன்றாவது, பிளேலிஸ்ட்டை இரட்டை கிளிக் செய்தால் தனி ஜன்னலாகத் திறக்கும் வசதி. ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒரு பட்டியலில் இருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போட்டு அடுக்குபவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. அதுவும் போனது. இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் வசதியும் காணாமல் போயிருந்தது. ஆனால் அதை இரண்டே வாரத்தில், டிசம்பர் நடுவில் வந்த 11.0.1-ல் ஆப்பிள் திருப்பிக் கொடுத்துவிட்டது. கவர் ஃப்ளோவும் ஐட்யூன்ஸ் டிஜேயும் திரும்பவில்லை.

வழக்குதான் காரணமா?

கவர் ஃப்ளோ போனதற்கு ஒரு வழக்கைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஜெலர்ன்டர் தொடங்கிய 'மிரர் வேர்ல்ட்ஸ்' நிறுவனம், கவர் ஃப்ளோ உள்ளிட்டவை தங்கள் காப்புரிமையை மீறுவதாக 2008-ல் வழக்குப் போட்டது. 2010-ல் டெக்சாஸ் ஜூரி 62.55 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. சாதாரணத் தொகை இல்லை. ஆனால் 2011 ஏப்ரலில் நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டார்.

அதோடு, மேக் கம்ப்யூட்டரின் 'ஃபைண்டர்' பகுதியில் கவர் ஃப்ளோ 2018 வரை நிம்மதியாக இருந்தது. வழக்குக்குப் பயந்திருந்தால் அங்கேயும் அல்லவா எடுத்திருக்க வேண்டும்? எனவே வழக்குக் கதை நிற்கவில்லை. ஐட்யூன்ஸ் 11-ன் மொத்த வடிவமைப்பும் ஆல்பம் அட்டைகளைக் கட்டம் கட்டமாகக் காட்டுவதை மையமாக வைத்தது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு காட்சிக்கு அங்கே இடமில்லாமல் போனது என்பதுதான் நம்பும்படியான விளக்கம்.

ஒரு வசதிக்கா இவ்வளவு கோபம்?

வெளியில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பல ஆண்டுகளாக ஒரே மென்பொருளில் பாட்டு சேர்த்தவரின் நிலைமை வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை நட்சத்திரம், எத்தனை முறை கேட்டது, கடைசியாக எந்தத் தேதியில் கேட்டது என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. 'ஆறு மாதமாகக் கேட்காத ஐந்து நட்சத்திரப் பாட்டுகள்' என்று தானே மாறிக்கொள்ளும் பட்டியல்களை உருவாக்கியிருப்பார். வேறு மென்பொருளுக்குப் போனால் அந்தக் கணக்கு முழுசாகக் கூட வராது.

ஏன் வராது? நட்சத்திரமும் கேட்ட எண்ணிக்கையும் பாட்டு ஃபைலுக்குள் எழுதப்படுவதில்லை. ஐட்யூன்ஸ் அவற்றைத் தனியாக ஒரு லைப்ரரி ஃபைலில் வைத்திருக்கிறது. பாட்டு உங்களுடையது. உங்கள் ரசனையின் பதிவேடு அந்த மென்பொருளின் கையில். இது பலருக்குத் தெரியவந்ததே பழைய பதிப்புக்குத் திரும்ப முயன்றபோதுதான்.

திரும்பிப் போவதில் இருந்த பொறி

புதிய பதிப்பை நீக்கிவிட்டுப் பழையதைப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். போட்டுத் திறந்தால் ஒரு எச்சரிக்கை வரும்: இந்த லைப்ரரி ஃபைல் புதிய ஐட்யூன்ஸில் உருவானது, படிக்க முடியாது.

நடந்தது இதுதான். புதிய பதிப்பு முதல்முறை திறக்கும்போதே லைப்ரரி ஃபைலைத் தனக்கேற்ற வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. பழைய பதிப்புக்கு அந்த வடிவம் புரியாது. ஒருவழிப் பாதை மாதிரி.

நல்லவேளையாக ஒரு சந்து இருந்தது. மாற்றுவதற்கு முன் பழைய ஃபைலின் ஒரு நகலை, தேதி போட்டு, 'ப்ரீவியஸ் ஐட்யூன்ஸ் லைப்ரரீஸ்' என்ற ஃபோல்டரில் ஐட்யூன்ஸ் வைத்துவிடும். அந்த நகலை எடுத்து, தேதியை நீக்கிப் பழைய பெயர் வைத்து, வெளியே உள்ள ஃபைலுக்குப் பதிலாகப் போட்டால் 10.7 திறந்துகொள்ளும். ஆனால் புதிய பதிப்பில் இருந்த நாட்களில் சேர்த்த பாட்டு, போட்ட நட்சத்திரம், கேட்ட கணக்கு எல்லாம் அம்போ. இரண்டு நாளில் திரும்பியவருக்கு நஷ்டம் குறைவு. 'பழகிப் பார்ப்போம்' என்று மூன்று மாதம் பொறுத்தவருக்குத்தான் அடி அதிகம்.

எத்தனை நாள் தாங்கியது?

கம்ப்யூட்டரில் பாட்டு மட்டும் கேட்பவருக்கு 10.7 எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. சிக்கல் வந்தது போன் வழியாக. 2013 செப்டம்பரில் ஐஓஎஸ் 7 வந்தது. அந்த இயங்குதளம் உள்ள ஐபோனைக் கம்ப்யூட்டரில் இணைக்க ஐட்யூன்ஸ் 11.1 கட்டாயம். ஐபோன் 5எஸ், 5சி இரண்டுமே ஐஓஎஸ் 7-உடன்தான் பெட்டியில் வந்தன. ஆக, புது ஐபோன் வாங்கினால் 10.7-க்கு விடை கொடுக்க வேண்டும், 10.7 வேண்டுமென்றால் பழைய போனிலேயே இருக்க வேண்டும். ஒரு ஆண்டுகூட முழுசாக ஆகவில்லை. இதில் கசப்பான வேடிக்கை, எந்த ஐஓஎஸ் 7-க்காக 11-க்கு மாறினார்களோ, அதிலும் கவர் ஃப்ளோ இல்லை.

சிலர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார்கள். பாட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், போனுக்கு ஒரு புதிய கம்ப்யூட்டர். பழைய ஐபாட் கையில் இருந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம்.

2019 அக்டோபரில் மேக்கின் 'கேட்டலினா' இயங்குதளம் வந்தபோது ஐட்யூன்ஸ் என்ற பெயரே மேக்கில் இருந்து போனது. மியூசிக், பாட்காஸ்ட்ஸ், டிவி என்று மூன்றாகப் பிரிந்தது. அப்போதும் விடாமல், 'ரெட்ரோஆக்டிவ்' என்ற இலவசக் கருவியை ஒருவர் எழுதி வெளியிட்டார். புதிய மேக்கில் பழைய ஐட்யூன்ஸை ஓடவைக்கும் கருவி அது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று அது கேட்கும் பட்டியலில் 10.7-ம் இருந்தது. வெளிவந்து ஏழு ஆண்டு ஆன பதிப்பு. காரணம், கவர் ஃப்ளோ.

நிறுவனம் இறங்கி வந்த கதையும் உண்டு

2000-களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டர் பக்கம் போனவர்களுக்கு வினாம்பை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சின்னதாக, வேகமாக, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். 2002 ஆகஸ்டில் வினாம்ப் 3 வந்தது. அடியோடு புதிதாக எழுதப்பட்டது. பார்க்கப் பிரமாதம், ஆனால் கனமாக இருந்தது. அதைவிடப் பெரிய தவறு, வினாம்ப் 2-க்காக ரசிகர்கள் சேர்த்து வைத்திருந்த ஸ்கின்களும் பிளக்-இன்களும் அதில் வேலை செய்யவில்லை.

விளைவு? கூட்டம் வினாம்ப் 2-லேயே உட்கார்ந்துகொண்டது. தயாரித்த நல்சாஃப்ட் நிறுவனமும் பிடிவாதம் பிடிக்கவில்லை. 2-ஆம் பதிப்பையும் தொடர்ந்து மேம்படுத்தியது. 2003 டிசம்பரில் இரண்டின் நல்லவற்றையும் சேர்த்து அடுத்த பதிப்பு வந்தது. அதன் எண் 4 இல்லை, 5. இரண்டும் மூன்றும் ஐந்து என்பது அவர்கள் கணக்கு. பழைய ஸ்கின்கள் மீண்டும் ஓடின.

ஆப்பிளும் ஒருமுறை இறங்கி வந்தது, வேறு விஷயத்தில். 2017 செப்டம்பரில் வந்த ஐட்யூன்ஸ் 12.7-ல், கம்ப்யூட்டரில் இருந்தே ஐபோன் ஆப்களை இறக்கும் வசதி நீக்கப்பட்டது. அது தேவைப்பட்ட நிறுவனங்களுக்காக, அந்த வசதியோடு 12.6.3 என்ற பதிப்பைத் தனியாகக் கொடுத்தது. முக்கியமாக, ஏற்கெனவே 12.7-க்குப் போனவர்களும் அதற்குத் திரும்ப முடிந்தது. பாட்டு ரசிகனுக்கு 2012-ல் கிடைக்காத சலுகை, அலுவலகங்களுக்குக் கிடைத்தது.

ரசிகர்களே எழுதிக்கொண்டால்?

லினக்ஸ் உலகில் நடந்தது இன்னொரு மாதிரி. அங்கே 'அமரோக்' என்ற பிளேயர் பிரபலம். அதன் 1.4 பதிப்பில் பாட்டுப் பட்டியல் அகலமாக, கணக்குப் புத்தகம் போலப் பத்தி பத்தியாக இருக்கும். 2008 டிசம்பரில் வந்த அமரோக் 2-ல் நடு இடத்தைப் பாடகர் விவரம் போன்ற தகவல்கள் பிடித்துக்கொள்ள, பட்டியல் வலது ஓரத்துக்கு ஒடுங்கியது. அடிப்படையான கேடிஇ மென்பொருள் தொகுப்பே மாறியதால் நிரலையும் பெரிய அளவில் மாற்றி எழுத வேண்டியிருந்தது. பல வசதிகள் அந்த வேகத்தில் விடுபட்டன.

ஆனால் அமரோக் திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொடரலாம். 1.4-ன் தோற்றத்தைப் பின்பற்றி 2010-ல் 'கிளமென்டைன்' வந்தது. அதன் வேகம் குறைந்தபோது, அதில் இருந்து 2018-ல் 'ஸ்ட்ராபெரி' பிரிந்தது. இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. பழைய மென்பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, பழைய மென்பொருளின் குணத்தோடு புதியது ஒன்று கிடைப்பது எவ்வளவோ மேல். ஐட்யூன்ஸ் ரசிகர்களுக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை.

பழையதில் ஆபத்து என்ன?

பாட்டு பிளேயர்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. 2006 ஜனவரியில் வினாம்ப் 5.12-ல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வேண்டுமென்றே தவறாக எழுதப்பட்ட ஒரு பிளேலிஸ்ட் ஃபைலைத் திறந்தாலே போதும், கம்ப்யூட்டரில் வேறு நிரலை ஓட்டிவிடலாம். உடனே 5.13 வெளியிட்டு அடைத்தார்கள். 5.12-லேயே நின்றவருக்கு அந்த ஓட்டை திறந்தேதான் இருந்திருக்கும்.

ஐட்யூன்ஸுக்கும் இது பொருந்தும். அது கடை, இணையப் பக்கம், பாட்காஸ்ட் என்று வெளியே போய் வரும் மென்பொருள். இணையத்தில் இணைக்காத கம்ப்யூட்டரில் 10.7-ஐ வைத்து சொந்தப் பாட்டுகளைக் கேட்பது வேறு. வங்கிக் கணக்குப் பார்க்கும் அதே கம்ப்யூட்டரில் வைத்திருப்பது வேறு.

போனில் இப்படிப் பழையதிலேயே இருக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் குறிப்பிட்ட ஆப்பின் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் தானியங்கி அப்டேட்டை அந்த ஆப்புக்கு மட்டும் நிறுத்தலாம். ஐபோனில் ஆப் ஸ்டோர் அமைப்பில் மொத்தமாகத்தான் நிறுத்த முடியும். பிறகு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக அப்டேட் செய்துகொள்ளலாம்.

ஆனால் ஏற்கெனவே அப்டேட் ஆகிவிட்டால் திரும்புவது கஷ்டம். ஆண்ட்ராய்டில் புதிய பதிப்பின் மேல் பழையதை நேரடியாகப் போட விடாது. முதலில் ஆப்பை நீக்க வேண்டும். நீக்கினால் அதில் இருந்த பிளேலிஸ்ட்களும் போகும். பழைய பதிப்பு தருவதாகச் சொல்லும் முகம் தெரியாத இணையதளங்களில் இறக்குவது அதைவிட ஆபத்து.

ஸ்ட்ரீமிங் ஆப்களில் இந்தப் பிடிவாதமே எடுபடாது. பாட்டு அவர்கள் சர்வரில் இருக்கிறது. சர்வரை மாற்றினால் பழைய ஆப் ஒருநாள் நின்றுவிடும். 2024 மே மாதம் ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ் தன் ஆப்பை மாற்றி எழுதியபோது, குறிப்பிட்ட நேரத்தில் பாட்டை நிறுத்தும் ஸ்லீப் டைமர் போன்ற வசதிகள் விடுபட்டன. பழைய ஆப்பையே மீண்டும் கொடுங்கள் என்று பயனாளர்கள் கேட்டார்கள். நிறுவனமும் யோசித்துப் பார்த்து, ஆப் மட்டுமின்றி ஸ்பீக்கருக்குள்ளும் சர்வரிலும் உள்ள மென்பொருளும் மாறிவிட்டதால் பழையதைக் கொண்டுவந்தால் பிரச்னை கூடும் என்று கைவிட்டது. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார்.

அப்டேட் செய்வதற்கு முன் என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டரில் இன்றும் ஐட்யூன்ஸோ வேறு பிளேயரோ வைத்திருப்பவர்கள், பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன் பாட்டுகளை மட்டுமல்ல, லைப்ரரி ஃபைலையும் தனியாக ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது. பிளேலிஸ்ட்டையும் லைப்ரரியையும் எக்ஸ்எம்எல் ஃபைலாக ஏற்றுமதி செய்யும் வசதி ஐட்யூன்ஸ் மெனுவிலேயே இருக்கிறது. விண்டோஸில் 'மியூசிக்பீ' போன்ற பிளேயர்கள் ஐட்யூன்ஸ் லைப்ரரியை வாங்கிக்கொள்ளும், நட்சத்திரங்களோடு. தற்போதைய பதிப்பின் இன்ஸ்டால் ஃபைலையும் அழிக்காமல் ஒரு ஓரமாக வைத்திருங்கள். புதியது பிடிக்கவில்லை என்றால் முதல் ஓரிரு நாளிலேயே திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் விட்டுவிட்டு வர வேண்டிய கணக்கு கூடிக்கொண்டே போகும்.